இருபத்தேழு டிகிரி

ஐஸ் பெட்டி மூன்றாவது தடவையாக நின்றது. ஒருமுறை குலுங்கி, தொண்டையைச் செருமுவதுபோல் சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. கண்ணாடி மூடிக்குள் பாலசுந்தரம் கிடந்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கன்னிகா பெட்டியைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே முக்கால்.

பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்த ஹரிபாபு ஸ்டெபிலைசரை உள்ளங்கையால் தட்டினான்.

"நூத்தி அறுவதுதான் காட்டுது. இந்த வோல்டேஜுக்கு இது இழுக்காது. ஏம்மா, வூட்ல வேற இன்னா லோடு ஓடிக்கினு கீது? ப்ரிட்ஜு, மோட்டாரு?"

"ப்ரிட்ஜ அப்பவே நிறுத்திட்டாங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல" என்றாள் கன்னிகா.

பொய். வீட்டுக்குப் பின்னால் காளான் அறையில் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காலையில் போட்டது. அவர் போட்ட சுவிட்சை அவரைக் கேட்காமல் அணைப்பது இருபத்தொன்பது வருடத்தில் அவள் செய்யாத காரியம். செத்த அன்றைக்கா தொடங்குவது?

பாலசுந்தரம் முப்பது வருடம் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். கூழ் கொதிக்கும் பெரிய அண்டாக்களின் பக்கத்தில் நின்று, சூட்டைக் காட்டும் முள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் பார்ப்பதற்கு ஒரு முள்ளும் இல்லாமல் நாலு மாதம் திண்டாடினார். சோறு கொதிக்கும்போது வந்து எட்டிப் பார்ப்பார். பிறகு திருப்பதிக்குப் போய் மூன்று நாள் காளான் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார். சனியனை விலைகொடுத்து வாங்கினாற்போல் என்று கன்னிகா அன்றைக்கே சொன்னாள்.

முதல் தடவை ஈரம் அதிகமாகி, வைக்கோல் அடைத்துத் தொங்கவிட்ட பைகளெல்லாம் பச்சைப் பூஞ்சாணம் பிடித்தன. இரண்டாம் தடவை சூடு ஏறி, மொட்டு வந்ததெல்லாம் பழுப்பாகச் சுருங்கிப்போயிற்று. இது மூன்றாம் தடவை. சிப்பிக் காளானுக்கு இருபத்தெட்டு டிகிரி தாண்டக் கூடாது, ஈரம் எண்பதுக்குக் கீழே இறங்கக் கூடாது, எண்பத்தைந்தில் நின்றால் உத்தமம். சித்தூரில் மே மாதத்தில் வெளியே நாற்பத்தொன்று. ஏப்ரல் கடைசியில் கூடத்திலிருந்த கூலரைக் கழற்றிக்கொண்டுபோய் அந்த அறையில் வைத்துவிட்டார். வீட்டிலிருந்த ஒரே கூலர்.

"நானும் ஒரு பையில வைக்கோல அடைச்சிக்கினு அங்க வந்து தொங்கட்டுமா? அப்பவாச்சும் எம்மேல கொஞ்சம் காத்து படுதான்னு பாக்கறேன்" என்று நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டாள்.

"உனக்கு எண்பத்தஞ்சி ஆவாது. சளி புடிச்சிக்கும்" என்றார். மோர் ஊற்றச் சொன்னார். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிய நீளமான பேச்சு.

காலையில் ஐந்தரைக்கு எழுந்து அறைக்குள் போய்த் தண்ணீர் தெளித்தார். சுவரில் மாட்டிய டிஜிட்டல் மீட்டரைப் போட்டோ பிடித்து, புனேயிலிருக்கும் மகன் தீனாவுக்கு அனுப்பினார். மீட்டர் அவன் வாங்கி அனுப்பியது. தினம் இவர் போட்டோ அனுப்புவார், அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். அப்பனும் பிள்ளையும் பேசிக்கொள்வது அவ்வளவுதான். வெளியே வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். இன்றைய போட்டோவுக்கு அவன் கட்டைவிரல் காட்டிய நேரத்தில் இவர் போய்விட்டிருந்தார்.

தீனாவுக்குப் பெங்களூர் வரை விமானம். அங்கிருந்து காரில் பலமனேர் வழியாக வரவேண்டும். எப்படி ஓட்டினாலும் ஐந்து மணி ஆகும்.

"விளக்கு வைக்கறதுக்குள்ள எடுத்துடணும்" என்று பாலசுந்தரத்தின் அக்கா புருஷன் சண்முகம் காலையிலேயே சொல்லிவிட்டார். "விடிஞ்சா சனிக்கெழம. சனிப் பொணம் தனியா போவாது."

ஐந்து மணிவரை உடம்பு தாங்கவேண்டும். கன்னிகாவின் கவலையெல்லாம் அது ஒன்றுதான். போன வருடம் இதே மே மாதத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. மகள் குவைத்திலிருந்து வந்து சேர்ந்தபோது முகத்தை மூடிவைத்திருந்தார்கள். "பாக்காத தாயி, பாக்காத" என்று நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் காலை மட்டும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். தீனாவுக்கு அப்படி ஆகக் கூடாது.

இவ்வளவு தெரிந்தும் வேற ஒண்ணும் இல்ல என்று சொன்னாள்.

ஹரிபாபு நான்காவது தடவையாகப் பெட்டியைக் கிளப்பிப் பார்த்தான். ஆறு நிமிடம் ஓடி நின்றது. மீட்டர் பெட்டியிலிருந்து பின்பக்கம் போகும் ஒயரைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போனான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் கோபம் இல்லை. திகைப்புதான் இருந்தது.

"அம்மா, பின்னாடி ரூம்ல கூலர் ஓடுது."

கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒருவர்பின் ஒருவராக நிறுத்தினார்கள். பாலசுந்தரத்தின் அக்கா ரத்னம்மா மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"எந்த ரூம்ல?"

"காளான் ரூம்ல" என்றாள் கன்னிகா.

"ஏம்மே, உனக்கு புத்தி கித்தி கெட்டுப் போச்சா? என் தம்பி இங்க வெந்துக்கினு கீறான். அவனுக்கு இல்லாத கரண்டு காளானுக்கா? கட்டிக்கினவனவிட காளான் பெருசா போச்சா?"

கன்னிகாவுக்கு வெட்கம் முகத்தில் சுட்டது. பதில் இருந்தது. அந்தக் காளானைக் கட்டி அழுதது நான் இல்லை, உன் தம்பி என்று சொல்லியிருக்கலாம்.

"நிறுத்திடுப்பா" என்றாள் ஹரிபாபுவிடம்.

கூலர் நின்றது. பெட்டி ஓடிற்று. அரை மணி நேரம் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. ரத்னம்மாகூட ஒரு வாய் டீ குடித்தாள். பன்னிரண்டரைக்குத் தெருக்கோடியில் பட்டாசு வெடித்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. தெரு முழுக்க மின்விசிறிகள் நின்றன.

ஹரிபாபு லைன்மேனுக்குப் போன் போட்டுத் தெலுங்கில் பேசினான். "எப்புடொஸ்துந்தி அன்னா?" என்று, கரண்டு எப்போது வருமென இரண்டு தடவை கேட்டான். பிறகு சண்முகத்திடம் வந்தான்.

"ட்ரான்ஸ்பார்மர் போச்சாம். சாய்ந்தரம் ஆறாவுமாம்."

"ஜெனரேட்டர் கொண்டாப்பா."

"இன்னிக்கு முகூர்த்தம் சார். டவுன்ல ஒண்ணுகூட இல்ல. எங்களுதும் கல்யாண மண்டபத்துக்குப் போயிக்கினு கீது." மூடியைத் தொட்டுக் காட்டினான். உள்பக்கம் நீர்த்துளிகள் பிடிக்கத் தொடங்கியிருந்தன. "கரண்டு இல்லாம இதுக்குள்ள வெக்கக் கூடாது. கண்ணாடிப் பெட்டி. சூடு உள்ளயே நிக்கும். வெளிய எடுத்துடறது மேலு."

"ஐஸ் கட்டி?"

"ஜூஸ் கடைக்காரனுக்கே கெடைக்கல."

சண்முகம் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப ரெண்டு மணிக்கு எடுத்துட வேண்டியதுதான். பையன் நேரா சுடுகாட்டுக்கு வந்து சேரட்டும்."

"அதுக்குள்ள எரிஞ்சி முடிஞ்சிடும்ணா" என்றாள் கன்னிகா.

"இன்னா செய்றது கன்னிகா. குடுப்பன அவ்ளோதான்."

கன்னிகா எழுந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்தவள் உடம்பை எடுக்கும்வரை எழக் கூடாது. ஒன்றுக்குப் போவதற்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்குத்தான் போகிறாள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவள் நேராகப் பின்னால் போய்க் காளான் அறையின் கதவைத் திறந்தாள்.

முகத்தில் குளிர்ச்சி பட்டது. மூன்று பக்கச் சுவரிலும் இரட்டைச் சாக்கு தொங்கியது, காலையில் அவர் நனைத்த ஈரம் அதில் இன்னும் இருந்தது. தரையில் அரையடிக்கு ஆற்று மணல். தகரக் கூரைக்கு மேல் தென்னங்கீற்று. கரண்டை நம்பிக் காளான் வைத்தால் தெருவில்தான் நிற்கவேண்டும் என்று சொல்லி ஒரு மாதம் இந்த அறையோடு மல்லாடினார். உறியில் தொங்கிய பைகளின் ஓட்டைகளிலிருந்து வெள்ளை மொட்டுகள் குண்டூசித் தலை அளவுக்கு வெளியே வந்திருந்தன. மீட்டரில் இருபத்தேழு. ஈரம் எண்பத்திரண்டு. கூலர் நின்று ஒரு மணி நேரம் ஆகப்போகிறது.

கன்னிகாவுக்கு ஆத்திரம்தான் வந்தது. கூலர் இல்லாமலே இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிற இடத்துக்குக் கூலர் எதற்கு? ஒரு டிகிரிக்காகவா? அந்த ஒரு டிகிரிக்காகவா இருபது நாள் நான் தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்தேன்? கேட்பதற்கு ஆளில்லை. ஈரச் சாக்கை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். கை சில்லென்றது.

கூடத்துக்கு வந்தாள்.

"அவர அங்க கொண்டுபோயிடலாம்ணா. காளான் ரூமுக்கு."

ரத்னம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நடுவூட்ல கெடக்கவேண்டியவன கொண்டுபோயி கொல்லையில போடுவியா? ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும் அண்ணி. தீனா வந்து மூஞ்சி பாக்கணுமா, வேணாவா? அத சொல்லுங்க."

ரத்னம்மா தம்பியைப் பார்த்தாள். கண்ணாடி மேலும் மங்கலாகியிருந்தது.

"உள்ள எவ்ளோ கீதும்மா?" என்று ஹரிபாபு கேட்டான்.

"இருபத்தேழு."

"இங்க முப்பத்தொம்பது" என்றான் சண்முகத்திடம். "ஈரம் நல்லதில்ல சார். ஆனா இந்த வெய்யிலுக்கு அது தேவலாம். அஞ்சு மணிவரிக்கும் தாங்கும்."

உடம்பைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு பெஞ்சில் கிடத்தி, நான்கு பேர் பெஞ்சோடு தூக்கினார்கள். காளான் அறையின் வாசற்படியில் கன்னிகா மறித்து நின்றாள்.

"ஒரு நிமிசம்ணா. கால நனைச்சிட்டுப் போங்க."

வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் பெர்மாங்கனேட் கரைத்த ரோஸ் நிறத் தண்ணீர் இருந்தது. வெளியிலிருந்து பூஞ்சாணம் உள்ளே போகாமலிருக்க அவர் வைத்தது. அதில் கால் வைக்காமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டார். ஒருமுறை கேஸ் சிலிண்டர்காரன் வேடிக்கை பார்க்க வந்தபோது அவனையும் செருப்பைக் கழற்ற வைத்தார்.

சண்முகம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் பிணத்தை வைத்துக்கொண்டு விவாதம் செய்யமுடியாது. முதலில் அவர்தான் காலை நனைத்தார். பிறகு மற்றவர்கள். சாவு வீட்டுக்குப் போனால் வெளியே வந்துதான் கால் கழுவுவார்கள். இங்கே உள்ளே போகக் கழுவவேண்டியிருந்தது.

பைகளை இருபக்கமும் ஒதுக்கி நடுவில் கிடத்தினார்கள். தெற்கே தலை வைக்க ஓர் அடி போதவில்லை. கொஞ்சம் கோணலாக வைத்தார்கள். ரத்னம்மா ஊதுவத்தியும் விளக்குமாக வந்தாள்.

"அண்ணி, பொக ஆவாது."

"இன்னாது?"

"பொக ஆவாது அண்ணி. வெளக்க வெளிய படியில வெச்சிடலாம். மாலயும் வாணாம். மாலைக்கு ஈ வரும். ஈ வந்தா பையில முட்ட வெச்சிடும்."

"இதெல்லாம் எவன் சொன்னான்?"

"உங்க தம்பிதான்."

ரத்னம்மா விளக்கைப் படியில் வைத்தாள். வைக்கும்போது ஏதோ முணுமுணுத்தாள், கன்னிகா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மாலைகளெல்லாம் வெளியே ஒரு நாற்காலியில் குவிந்தன. தெரியாதவர்கள் பார்த்தால் நாற்காலிதான் செத்துப்போயிற்று என்று நினைத்திருப்பார்கள்.

"ரெண்டு ரெண்டு பேரா வாங்க. கதவ சாத்திக்கங்க. ரொம்ப நேரம் நிக்காதீங்க" என்று கன்னிகா தலைமாட்டிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஆள் மூச்சு அதிகமானால் காளான் குடை விரியாமல் தண்டு மட்டும் நீண்டுபோகும். இதையும் அவர்தான் சொல்லியிருந்தார். இந்த விஷயங்களெல்லாம் எப்போது தன் மண்டைக்குள் ஏறின என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் பேசும்போது ஒருநாளும் அவள் காது கொடுத்ததில்லை.

ஒன்றரை மணியிலிருந்து நாலு மணிவரை ஜனம் வந்தபடி இருந்தது. உச்சி வெயிலில் வந்தவர்கள் ரோஸ் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே வந்ததும், அழுவதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விட்டார்கள். ஃபேக்டரியில் கூட வேலை பார்த்த ஒருவர் இரண்டாம் முறையும் வந்தார். முதல் முறை இவ்வளவு துக்கப்பட்டதாக நினைவில்லை. ரத்னம்மா ஒரு மூலையில் மணலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. ரெண்டு பேர் கணக்கில் அவளைச் சேர்க்கக் கன்னிகாவுக்கு மனம் வரவில்லை.

"நல்லாத்தான் கட்டி வெச்சிக்கீறான்" என்றாள் ரத்னம்மா வெகுநேரம் கழித்து.

"ம்."

"எனக்கு ஒருநாளும் காட்டல."

"நீங்க கால நனைக்க மாட்டேன்னீங்களாம்."

ரத்னம்மாவுக்குச் சிரிப்பு வந்து, அது பாதியில் அழுகையாக மாறிற்று. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு சண்முகம் கதவை ஒரு சாண் திறந்து, தீனா முல்பாகல் தாண்டிவிட்டான் என்றார். நாலுக்குப் பலமனேர் வந்துவிட்டானாம். மீட்டர் அதற்குள் இருபத்தெட்டரைக்கு ஏறியிருந்தது. ஈரம் எழுபத்தெட்டு. அத்தனை பேர் வந்துபோன சூடு. கன்னிகா அவர் முகத்தைக் குனிந்து பார்த்தாள். கன்னம் லேசாக உப்பியதுபோல் இருந்தது. பொழுதுக்கும் பார்த்த முகம், உப்பியிருக்கிறதா இல்லையா என்று திட்டமாகச் சொல்லமுடியவில்லை. பயம் வந்தது. இன்னும் ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. அண்ணி, நீங்களும்தான்."

"இன்னா பண்ணப் போற?"

"தண்ணி தெளிக்கணும். நாலு மணிக்கு ஒருதரம் தெளிக்கணும்."

கதவைச் சாத்திக்கொண்டாள். மூலையில் கைப்பம்பு வைத்த தெளிப்பான் பாதி தண்ணீரோடு நின்றது, காலையில் அவர் வைத்துவிட்டுப் போனது. அழுத்தினாள். முதலில் தாரையாகக் கொட்டிற்று. மூக்கைத் திருகினால் புகைபோல வரும் என்று அவர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறாள். திருகினாள். வந்தது. மொட்டின்மேல் நேராக அடிக்கக் கூடாது, மேலே காற்றில் அடித்து இறங்கவிட வேண்டும். சாக்குகளை நனைத்தாள். மணலை நனைத்தாள். பைகளுக்கு மேலே அறை முழுக்க அடித்தாள், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, தோள் வலிக்கும்வரை. ஒன்பது வாரமாக அவர் ஒருநாளைக்கு நான்கு தடவை செய்த வேலை இதுதானா? இதற்கா ஒருமுறை கூடமாட ஒரு கை கேட்டார்? அவள் ஒரு தடவைகூட வரவில்லை.

"நீ ஒரு தபா கூப்ட்டுட்டு வுட்டுட்ட" என்று அவரிடம் சொன்னாள். "ரெண்டாந்தபா கூப்ட்டிருந்தா வந்திருப்பேன்."

நீர்ப்பொடி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மீட்டர் இருபத்தேழரை காட்டியது. பிறகு இருபத்தேழு. ஈரம் எண்பத்தைந்தைத் தொட்டு நின்றது. அவள் சேலையும் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள்.

ஐந்தேகாலுக்குத் தெருவில் கார் சத்தம் கேட்டது. பெண்களின் குரல் ஒன்றாக எழுந்தது. தப்பட்டைக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். தீனா கூடத்துக்குள் ஓடி, அங்கே வெறும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துத் தடுமாறியது கன்னிகாவுக்குக் காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது. "பின்னாடி, பின்னாடி" என்று சண்முகம் கத்தினார். கதவு திறந்தது. அவன் காலை நனைத்தானா என்று அவள் பார்க்கவில்லை.

தோளில் பை இருந்தது. வெளி வெளிச்சத்திலிருந்து வந்ததால் கண் தெரியாமல் கொஞ்சம் நின்றான். தொங்கும் பைகளைக் கையால் விலக்கிக்கொண்டு வந்தான். அழவில்லை. மணலில் மண்டியிட்டுக் குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவசரமில்லாமல், ஆற அமர, நெற்றியிலிருந்து தாடைவரை பார்த்தான். கன்னிகா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைத் திருப்பவில்லை.

நெற்றியிலும் மூக்கின்மேலும் மேலுதட்டு மயிரிலும் நீர் பொடிப்பொடியாக நின்றது.

"அம்மா" என்றான். "நைனாவுக்கு வேர்த்துக்கினு கீது."

கன்னிகா வாயைத் திறந்தாள். தெளிப்பான் பக்கத்தில்தான் கிடந்தது.

"தொடச்சி வுடு" என்றாள்.

தீனா பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். நெற்றியைத் துடைத்தான், மூக்கை, கழுத்து மடிப்பை. துடைத்த இடத்தில் மறுபடியும் நீர் வந்து படிந்தது. அவன் கைக்குட்டையை மடித்துக் காய்ந்த பக்கத்தை வெளியே எடுத்து, மறுபடியும் துடைத்தான்.